கார்டியனின் பெர்லினர் வடிவம் (2005–2018): பட்டம் வாங்கித் தந்தது உள்பக்கங்கள்தான்

சொசைட்டி ஃபார் நியூஸ் டிசைன் என்ற அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் போட்டியில் தனிப் பக்கங்களை ஐந்து நடுவர்கள் பார்க்கிறார்கள். மூவர் ஆம் என்றால் சிறப்புப் பரிசு, நால்வர் என்றால் வெள்ளி, ஐவரும் என்றால் தங்கம். கைதேர்ந்த ஓவியர் ஒருவரும் பெரிய செய்தி வந்த நாள் ஒன்றும் அமைந்துவிட்டால், சின்னப் பத்திரிகைகூட அந்த மூன்று வாக்கை வாங்கிவிடலாம். ‘உலகின் சிறந்த வடிவமைப்புள்ள பத்திரிகை’ பட்டம் அப்படிக் கிடைப்பதில்லை. அதற்கு முழு இதழையும் புரட்டுவார்கள். வானிலைப் பெட்டி, விளையாட்டு ஸ்கோர், இரங்கல் குறிப்பு, விளம்பரத்துக்கு மேலே மிச்சமிருக்கும் அரைச் சாண் இடம் எல்லாமே கணக்கில் வரும். 2005ஆம் ஆண்டு இதழ்களுக்காக அந்தப் பட்டம் பெற்றவை பிரிட்டனின் ‘தி கார்டியன்’, போலந்தின் ‘ஜெச்போஸ்போலிட்டா’.

கார்டியன் பெர்லினர் வடிவத்துக்கு மாறியது 2005 செப்டம்பர் 12 அன்று. போட்டியாளர்களான ‘இன்டிபென்டன்ட்’டும் ‘டைம்ஸ்’உம் அதற்குள் சிறிய டேப்ளாய்டு அளவுக்குப் போயிருந்தன. ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர் நடுவழியாக பெர்லினர் அளவைத் தேர்ந்தெடுத்தார்: 470 மி.மீ. உயரம், 315 மி.மீ. அகலம். ஓடும் ரயிலில் பக்கத்து ஆள் மேல் இடிக்காமல் விரிக்கலாம். முதல் பக்கத்தில் நான்கைந்து செய்திகளை வைக்கவும் இடமிருக்கும். டேப்ளாய்டில் முதல் பக்கம் ஒரு செய்தியும் ஒரு படமுமாகச் சுருங்கி, தலைப்பு கத்த ஆரம்பித்துவிடும். பெர்லினரின் உயரம் அதைத் தடுத்தது. பிரிட்டனில் அந்த அளவுக்கு அச்சு இயந்திரமே இல்லை. அதனால் மான் ரோலண்ட் இயந்திரங்களை வாங்கி லண்டனிலும் மான்செஸ்டரிலும் நிறுவினார்கள். மொத்தச் செலவு ஏறத்தாழ 8 கோடி பவுண்டு. பதிலுக்கு எல்லாப் பக்கமும் வண்ணத்தில் வந்தது.

வடிவமைப்பை வழிநடத்தியவர் மார்க் போர்ட்டர். அவர் எடுத்த முடிவுகளில் எல்லாவற்றையும் தாங்கியது ஐந்து பத்தி கிரிட், அதாவது பக்கத்தை நெடுக்குவாட்டில் ஐந்து பத்திகளாகப் பிரிக்கும் கட்டம். 315 மி.மீ. அகலத்தில் ஓரங்களும் பத்தி இடைவெளியும் போக ஒரு பத்திக்கு 50 மி.மீ.க்கு மேல் கிடைக்கும். நம் ஊர் எட்டுப் பத்தி நாளிதழில் அது 4 செ.மீ. அளவுதான். அகலமான பத்தியில் சொற்களுக்கு இடையே ஓட்டை விழுவது குறைகிறது, கண் ஓடும் வேகம் சீராகிறது. இரண்டு பத்திப் படமும் மூன்று பத்திப் படமும் பார்த்தவுடன் வேறு வேறு முக்கியத்துவம் உடையவை என்று தெரிகிறது. எட்டுப் பத்தியில் மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் உறைக்காது. லேஅவுட் செய்பவருக்குத் தேர்வுகள் குறைந்தால் இரவு பத்தரை மணிக்குத் தவறும் குறையும். கடைசி நேரத்தில் லீட் (பக்கத்தின் முதன்மைச்) செய்தி மாறும்போது பக்கம் கலைந்து போகாமல் இருப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான். தலைப்புகள் நடுவில் நிற்காமல் எல்லாம் இடது ஓரம் ஒட்டித் தொடங்கின. அதனால் தலைப்பின் வலப்பக்கம் விழும் வெள்ளை இடம் ஒவ்வொரு பக்கத்திலும் இயல்பாகக் கிடைத்துவிடும், யாரும் தனியாக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

எழுத்துருவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1988இல் டேவிட் ஹில்மன் செய்த வடிவமைப்பில் தலைப்புகளுக்கு ஹெல்வெட்டிகா எழுத்துரு. அதற்குப் பிறகு உலகத்தில் பாதிப் பேர் அதையே எடுத்துக்கொண்டதில் கார்டியனின் முகம் தனித்துத் தெரியாமல் போனது. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் பால் பார்ன்ஸ், கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸ் இருவரும் புதிதாக வரைந்த ‘கார்டியன் எகிப்தியன்’, கோடுகளின் முனையில் தட்டையான தடித்த அடிக்கட்டை உள்ள வகை. தலைப்புக்கென்றே வரைந்த வடிவத்தில் (இதை ‘வெட்டு’ என்பார்கள்) முடி போல மெல்லியதில் தொடங்கி அடர் கறுப்பு வரை எட்டு எடைகள், அதாவது தடிப்பின் படிகள். ஒரே குடும்பத்தில் இத்தனை எடை எதற்கு? செய்திக்குத் தடித்தது, கருத்துக்கும் நீண்ட கட்டுரைக்கும் மெல்லியது என்று பிரித்துவிட்டால், பக்கத்தின் மேலே ‘கருத்து’ என்று பட்டை ஒட்டாமலேயே வாசகர் எங்கே வந்திருக்கிறோம் என்று புரிந்துகொள்வார். வேறு வேறு எழுத்துருக்களைக் கலந்து இதைச் செய்யப்போனால் பக்கம் துண்டு துண்டாகத் தெரியும்.

வாசிக்கும் எழுத்துக்கும், பங்குச்சந்தை, ஸ்கோர் போன்ற பொடி எழுத்துக்கும் தனித்தனி வெட்டுகள் உண்டு. தலைப்பு எழுத்தை அப்படியே 8 பாயின்ட் அளவுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் நியூஸ்பிரிண்டில் (நாளிதழ்த் தாளில்) காணாமல் போகும், ‘e’ போன்ற எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடம் மையால் அடைபடும். வாசிக்கும் வெட்டில் கோடுகள் சற்றுத் தடிப்பு, அந்த வெற்றிடம் பெரிது, எழுத்து இடைவெளி அதிகம். மேலும் ‘கிரேடு’ என்ற ஏற்பாடு: எழுத்தின் அகலம் மாறாமல் தடிப்பு மட்டும் நூலிழை கூடிக் குறையும். ஓர் அச்சகத்தில் மை கூடுதலாக விழுகிறது என்றால் மெல்லிய கிரேடுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு வரிகூட நகராது. பரிசு தரும் நடுவர்கள் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடமாட்டார்கள். ஆனால் பக்கத்தின் சாம்பல் நிறம் சீராக இருக்கிறது என்று அவர்கள் உணர்வது இதனால்தான்.

நடுப்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மைய விரிப்பில் ‘ஐவிட்னஸ்’ என்ற பெயரில் ஒரே ஒரு புகைப்படம், இரண்டு பக்க அகலத்துக்கு. ஏன் நடுவில்? ஒன்றுக்குள் ஒன்றாக மடித்த தாள்களின் தொகுப்பில் எதிரெதிர் பக்கங்கள் இரண்டும் ஒரே தாளில் அமைவது அந்த இடத்தில் மட்டும்தான். வேறெங்கே படத்தை மடிப்புக்குக் குறுக்கே ஓட்டினாலும் இடப்பாதி ஒரு தாளிலும் வலப்பாதி இன்னொரு தாளிலும் அச்சாகும். மடிக்கும்போது 2 மி.மீ. விலகினால் போதும், முகம் இரண்டாகப் பிளந்துவிடும். நடுவிலும்கூட, இரண்டு பக்கத்தையும் ஒரே பிளேட்டாக (அச்சுத் தகடாக) செய்தால்தான் மடிப்பில் வெள்ளைக் கோடு விழாது. அப்படிச் செய்த பிறகும் கவனிக்க ஒன்று உண்டு: ஆளின் கண், எழுத்து, படத்தின் மையப் பொருள் எதுவும் மடிப்பிலிருந்து இரண்டு செ.மீ.க்குள் வரக்கூடாது. கார்டியன் தேர்ந்த படங்கள் பெரும்பாலும் அகலக் காட்சிகளாக இருந்ததால் அந்த மடிப்பு தொந்தரவாகவே தெரியவில்லை. விளம்பரத்துக்கு நல்ல விலை போகக்கூடிய இடத்தை நாள்தோறும் ஒரு படத்துக்கு விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம்.

ஓவியங்களுக்கு வருவோம். நாளிதழ் ஓவியத்தைப் பரிசுக்கு அனுப்புபவர்கள் திரையில் பளிச்சென்று தெரிவதை நம்பி ஏமாறுகிறார்கள். நாளிதழ்கள் அச்சாகும் கோல்டுசெட் முறையில் மை சூட்டில் உலர்வதில்லை, தாளுக்குள் இறங்குகிறது. 50 சதவீதச் சாம்பல் அச்சில் 75 சதவீதத்தைத் தொடும். நான்கு வண்ணங்களின் மொத்த மை (ஒவ்வொன்றும் நூறு என்றால் 400) 220 முதல் 240 சதவீதத்துக்கு மேல் போனால் பின்பக்கம் தெரியும், எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். 3 சதவீதத்துக்குக் கீழான புள்ளி காணாமல் போகும், 85க்கு மேல் எல்லாம் ஒரே கறுப்பு. கோட்டோவியத்தின் கறுப்புக் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு வண்ணமும் சேர்ந்த கறுப்பாக விட்டுவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷன் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) சற்று விலகியதும் கோட்டுக்குச் சிவப்பும் நீலமுமாக நிழல் முளைக்கும். ஸ்டீவ் பெல் போன்ற கார்ட்டூனிஸ்டுகளின் படங்கள் கார்டியனில் எடுபட்டதற்கு அழுத்தமான கறுப்புக் கோடும் அதனடியில் தண்ணீராக விட்ட வண்ணமும் முக்கியக் காரணம். வண்ணம் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கோடு படத்தைத் தாங்கிக்கொள்ளும்.

‘ஜி2’ இணைப்பு பெர்லினரில் பாதி அளவுக்குச் சுருங்கி, ஒரு வார இதழின் அட்டை போல ஒற்றை யோசனையில் நிற்கும் முகப்பைப் பெற்றது. அங்கே நல்ல ஓவியம் தலைப்பு சொன்னதையே திருப்பிச் சொல்லாது. தலைப்பு பாதி, ஓவியம் மீதி. தலைப்பை மறைத்துவிட்டுப் பார்த்தால் ஓவியம் குறைபட்டுத் தெரிய வேண்டும், ஓவியத்தை மறைத்தால் தலைப்பு குறைபட வேண்டும். இரண்டில் ஒன்று தனியாகவே நின்றுவிட்டால் மற்றது அலங்காரம். ஓவியரிடம் கட்டுரை முழுவதையும் தராமல் சுருக்கம் மட்டும் அனுப்பும் இடங்களில் இந்தப் பொருத்தம் ஒருநாளும் வராது.

குறைகளும் உண்டு. வெளியீட்டு நாளில் ‘டூன்ஸ்பரி’ சித்திரத் தொடரை எடுத்துவிட்டார்கள். வாசகர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே திரும்ப வந்தது. கிரிட்டில் அழகாகப் பொருந்தாதது என்பதற்காகத் தினமும் வாசகர் தேடிப்போகும் ஒன்றை எடுப்பது வடிவமைப்பின் தவறுதான். பெரிய சிக்கல் இயந்திரத்தில் இருந்தது. நாட்டில் வேறு யாரிடமும் இல்லாத அளவு என்பதால், அச்சு நேரத்தை மற்றவருக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவும் வழி குறைவு, வேறு அச்சகத்துக்கு மாற்றவும் முடியாது. விளம்பர நிறுவனங்கள் இந்த ஒரு பத்திரிகைக்காகத் தனி அளவு செய்ய வேண்டியிருந்தது. 2018 ஜனவரி 15 அன்று கார்டியன் டேப்ளாய்டு ஆனது. அச்சு வேலை டிரினிட்டி மிரர் அச்சகங்களுக்குப் போனது. புதிய தலைப்பு எழுத்தும் இரண்டு வரியாக அடுக்கிய பெயரும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் முதல் பக்கத்தில் செய்திகள் ஒன்றுக்கொன்று மூச்சு விடும் இடம் போய்விட்டது.

இந்தியாவில் பெர்லினர் அளவை முதலில் கொண்டுவந்தது 2007 பிப்ரவரியில் தொடங்கிய ‘மின்ட்’. தமிழ் நாளிதழ்களில் இதை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளத் தக்கது பத்தி அகலம். 4 செ.மீ. பத்தியில் ‘நாடாளுமன்றக் கூட்டத்தொடரில்’ வந்தாலே வரி முடிந்துவிடும். அடுத்த வரியில் இரண்டு சொல் எட்ட எட்ட நிற்கும். சொற்கள் நெருங்கி நிற்க ஆறு பத்தி கிரிட் போதும். மேலே ‘கி’யின் கொக்கியும் கீழே ‘கு’வின் சுழியும் மோதாமல் இருக்க வரி இடைவெளியை எழுத்து அளவைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூட்ட வேண்டும், தலைப்புக்கும் இதே கணக்கு. எழுத்தை மென்பொருளில் பக்கவாட்டில் நசுக்கி இடம் பிடிக்கும் பழக்கம் உள்ள பக்கத்தை எந்த ஓவியமும் தூக்கி நிறுத்தாது. நசுக்குவதற்குப் பதில் தலைப்பில் ஒரு சொல்லை வெட்டச் சொல்லும் அதிகாரம் லேஅவுட் மேசைக்கு இருக்க வேண்டும். கார்டியனில் போர்ட்டருக்கு அந்த அதிகாரம் இருந்தது பக்கங்களைப் பார்த்தாலே தெரிகிறது.