ஓதம் காட்டிய கேஜும் அதை அழித்த சர்வரும்

வேறொரு கடல் எண்ணெய் வயலில் பணிபுரியும் இளைய நண்பர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, பழைய பிளாட்பாரத்திலிருந்து 6 சைட்டிராக் கிணறுகள் தோண்டப் போகிறோம். கிணற்றுக்குள் நிரந்தர அழுத்தமானி வைக்கலாமா? நீங்கள் 11 வருடம் பயன்படுத்தியிருக்கிறீர்களே." (பிளாட்பாரம் என்பது கடலில் நிற்கும் எண்ணெய் மேடை. சைட்டிராக் என்பது பழைய கிணற்றிலிருந்து பக்கவாட்டில் பிரித்துத் தோண்டும் புதிய துளை.)

"வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கருவியின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆகவே காரணத்தை எழுதியாக வேண்டும்.

எங்கள் கிணற்றில் இருப்பது குவார்ட்ஸ் கேஜ், அதாவது குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு அளக்கும் அழுத்தமானி. எண்ணெய் மேலேறும் குழாயான ட்யூபிங்கோடு சேர்ந்து இறங்கியது; அந்தக் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும் பேக்கருக்குச் சற்று மேலே இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரே ஒரு பழுது. கிணற்றுத் தலையில் கேபிள் இணைப்புக்குள் உப்புநீர் புகுந்தது. ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

பொருத்திய மூன்றாம் மாதம் வால்வு வேலைக்காகக் கிணற்றை மூடியிருந்தார்கள். இரவுப் பணியில் திரையில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெல்லிய அலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உயரம் ஒரு பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) கூட இல்லை. ஜெனரேட்டரின் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை, எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். நேரம் பொருந்தியது. கடல் ஏறும்போது அதன் எடை அடியிலுள்ள பாறையை நெரிக்கிறது. பாறைத் துளைகளில் இருக்கும் எண்ணெயின் அழுத்தம் இம்மியளவு உயர்கிறது. ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் வெள்ளமும் வற்றும் தெரிந்த அந்த இரவை நான் மறக்கவே மாட்டேன்.

அதே கிணறு மூடிக் கிடந்தபோது, எண்ணெயைத் தள்ள நீர் செலுத்தும் பக்கத்துக் கிணற்றில், அதாவது இன்ஜெக்டரில், பம்ப் பழுதாகி நீர் செலுத்துவது நின்றது. ஓதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இரண்டாம் நாளிலிருந்து அழுத்தம் மெதுவாகச் சரிகிறது. இரண்டு கிணறுகளுக்கும் நடுவே ஒரு பாறைப் பிளவு. நீர் கடக்காது என்று எங்கள் வரைபடம் சொன்னது. கடக்கிறது என்று கேஜ் சொன்னது. அப்படியானால் அங்கே தோண்டினால் செலுத்திய நீர்தான் வரக்கூடும். அந்தப் பக்கம் தோண்டவிருந்த சைட்டிராக்கை இடம் மாற்றினோம். மாற்றிய இடத்தில் எண்ணெய் இருந்தது.

1974-இல் கண்டுபிடிக்கப்பட்டு 1976-இல் உற்பத்தி தொடங்கிய மும்பை ஹை போன்ற வயல்களில் மறுமேம்பாடு என்றால், மிஞ்சிய எண்ணெய் எந்த அடுக்கில், எந்த மூலையில் ஒதுங்கியிருக்கிறது என்று தேடுவதுதான். நார்வேயின் வால்ஹால் வயலில் 2003-இல் கடல்தரையிலேயே சுமார் 120 கிலோமீட்டர் கேபிளை நில அதிர்வு உணர்விகளோடு புதைத்துவிட்டார்கள். வேண்டும்போதெல்லாம் அளந்து, முந்தைய படத்தோடு ஒப்பிடலாம். அதற்கான பணம் எல்லோருக்கும் வாய்க்காது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கேஜ் பெரிய துணை.

இனி என் ஆத்திரம். முதல் இரண்டு வருடம் பிளாட்பாரத்துப் பெட்டியிலிருந்து நாங்களே நேராக நகல் எடுத்தோம். பிறகு எல்லா அளவீடுகளும் கரையிலுள்ள சர்வருக்குப் போயின. அதில் ஒரு சுருக்கும் விதி இருந்தது: மதிப்பு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் மாறினால் மட்டும் சேமி. எண்ணெயையும் நீரையும் வாயுவையும் பிரிக்கும் பிரிப்பான் கலத்துக்கு அது போதும். ஆயிரக்கணக்கான அளவீடுகளை வாங்கி வைக்கும் சர்வருக்கு ஏதாவது ஒரு விதி வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கேஜுக்கும் அதே விதியைப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் தெரியவந்தது 4 வருடம் கழித்து. மூன்றாவது சைட்டிராக்குக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு பிளவு கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இடையில் ஒருமுறை எங்கள் கிணறு மூடியிருக்க, அந்தப் பக்கத்து இன்ஜெக்டர் 9 நாள் நின்றிருக்கிறது. யாரும் திட்டமிடாமல் தானாக அமைந்த சோதனை. ஆவலோடு அந்த நாள்களைத் திறந்தேன். நேர்கோடு. ஒரு படி. மறுபடி நேர்கோடு. ஓதமும் இல்லை, சரிவும் இல்லை. கேஜ் அளந்தது, கேபிள் கொண்டுவந்தது, சர்வர் தூக்கி எறிந்தது. அதற்குள் சுற்றிலும் புதிய கிணறுகள் ஓடத் தொடங்கிவிட்டன. அந்த அமைதியான 9 நாள்கள் இனி வராது. ஊகத்தில் தோண்டினோம். சில மாதங்களில் தண்ணீர் வந்தது.

விதியைத் தளர்த்த நான்கு கடிதங்கள் எழுதினேன். சென்ற மாதம்தான் மாற்றினார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் நண்பரின் அழைப்பு வந்துவிட்டது.

11 வருடத்தில் நான் கையாண்ட கருவிகளில் இதைவிட நம்பகமானது இல்லை. இருந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். தம்பி, முதலில் உங்கள் சர்வரில், மூடிய கிணறு ஒன்றின் பழைய பதிவைத் திறந்து பாருங்கள். கேஜின் திரையில் அல்ல, சேமித்த பதிவில். அங்கே ஓதம் தெரிந்தால் மறுபடி கூப்பிடுங்கள், எத்தனை கேஜ் வைக்கலாம் என்று பேசுவோம்.