பிளைவுட்டா, பாலிகார்பனேட்டா? ஊட்டிச் சாரலில் ரோபோவுக்கு மின்காப்பு

எஃப்ஆர்சி (FIRST Robotics Competition) என்ற பள்ளி மாணவர் போட்டிக்கான ரோபோவில் மின்சாரம் ஒயரில்தான் ஓட வேண்டும். ரோபோவின் உலோகச் சட்டமான ஃபிரேமுக்குப் போகக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, மெயின் பிரேக்கரை (மொத்த மின்சாரத்துக்குமான சுவிட்சை) ஆனில் வைத்து, ரோபோ பக்கக் கனெக்டரின் ஒவ்வொரு முனைக்கும் ஃபிரேமுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள். மின்தடை 120 ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்.

இதற்காக எலக்ட்ரானிக் போர்டுகளை ஃபிரேமில் நேரே வைக்காமல், நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பலகை வைப்போம். 6 மி.மீ. பிளைவுட் மலிவு, கை ரம்பமே போதும். ஆனால் ஆடிச் சாரலில் மரம் ஈரம் குடித்து உப்பும், காயும்போது சுருங்கும், ஸ்குரூ தளரும். வார்னிஷை மேலே மட்டும் அடித்தால் வீண். வெட்டிய ஓரத்திலும் ஓட்டைக்குள்ளும் இரண்டு பூச்சு வேண்டும்.

3 மி.மீ. பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் ஈரத்துக்கு அசையாது, மோதலில் நொறுங்காது. நம்ம மலைக்கு இதுவே சரி. ஸ்குரூ கழலாமலிருக்கப் போடும் பசை மட்டும் இதில் படவே கூடாது. ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் ஓடும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் மேலே நீர் முத்து முத்தாகக் கோக்கும். துடைத்துக் காயவிட்டு அளங்கள்.

எந்தப் பலகையானாலும், ஒரே இரும்பு ஸ்குரூ போர்டையும் ஃபிரேமையும் சேர்த்துப் பிடித்தால் காப்பு போச்சு. போர்டுக்கு நைலான் ஸ்குரூ, பலகைக்குத் தனி ஸ்குரூ. அப்படியும் மீட்டர் குறைவாகக் காட்டினால் முதலில் கேமராவின் உலோக உறையைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து, டிரில் போட்டபோது விழுந்த அலுமினியச் சீவல்.