காண்டோரா, ஆல்பட்ராஸா, ஃப்ரிகேட்டா? சிறகடிக்காமல் பறப்பதில் யார் முதல்?

பிணந்தின்னிக் கழுகு வகையான ஆண்டிஸ் மலைக் காண்டோருக்குத்தான் பலரும் முதலிடம் தருவார்கள். 15 கிலோ வரை எடையுள்ள உடம்பு, 3 மீட்டர் அகல இறக்கை. அர்ஜென்டினாவின் படகோனியாவில் இளங்காண்டோர்கள் மீது கருவி பொருத்திச் சிறகடிப்புகளைக் கணக்கிட்ட ஆய்வு 2020இல் வெளிவந்தது. பறந்த நேரத்தில் 1 சதவீதம்தான் சிறகடித்திருக்கின்றன. அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து கிளம்புவதற்கே. ஒரு பறவை 5 மணி நேரத்துக்கும் மேலாக, 172 கிலோமீட்டர் தூரம் ஒருமுறைகூடச் சிறகடிக்கவில்லை! ஆனால் வெயிலில் சூடேறி எழும் காற்றோ மலைச்சரிவில் மோதி எழும் காற்றோ அதற்குக் கட்டாயம் வேண்டும்.

கடற்பறவையான ஆல்பட்ராஸுக்கு மேலெழும் காற்றே தேவையில்லை. கடல்மட்டத்தில் மெதுவாகவும் சில மீட்டர் உயரத்தில் வேகமாகவும் காற்று வீசுகிறதே, அந்த வேறுபாடே போதும். காற்றை எதிர்த்து ஏறும், உச்சியில் திரும்பும், காற்றோடு சரிந்து இறங்கும், மறுபடி ஏறும். விரித்த இறக்கையைத் தோளிலுள்ள தசைநாண் பூட்டிக்கொள்வதால், பறக்கும்போதும் இதயம் ஏறக்குறைய ஓய்வில் துடிப்பதுபோலவே துடிக்கிறது. சாம்பல்தலை ஆல்பட்ராஸ் ஒன்று 46 நாளில் உலகையே சுற்றியிருக்கிறது. தூரம்தான் அளவுகோல் என்றால் போட்டி இதோடு முடிந்தது. ஆனால் காற்று நின்றுவிட்டால் அதுவும் நீரில் அமர்ந்து காத்திருக்கும்.

அப்படி அமரும் வசதி ஃப்ரிகேட் பறவைக்கு இல்லை. அதனால்தான் என் வாக்கு அதற்கு. கடற்பறவையாக இருந்தும் அதன் இறகு நீரைத் தடுக்காது. கடலில் இறங்கினால் நனைந்து, எழ முடியாமல் போய்விடும். ஒன்றரை கிலோ அளவே உள்ள உடலுக்கு 2 மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கை என்பதால் மெல்லிய மேலெழு காற்றும் அதைத் தூக்கிவிடும். இந்தியப் பெருங்கடலில் ஆராய்ந்தவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவுகள் வியக்க வைக்கின்றன. காற்றே இல்லாத நடுக்கடல் பகுதியின் ஓரமாகச் சுற்றி, திரள்மேகங்களுக்குள் புகுந்து 4,000 மீட்டர் வரை ஏறி, அங்கிருந்து பல கிலோமீட்டர் சறுக்கி வருகிறது. இப்படி 2 மாதம் வரை கீழே இறங்காமல் இருக்க அதனால் முடிகிறது.

10 மாதம் வானிலேயே வாழும் உழவாரக் குருவி இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் ஆற்றல் பெரிது. ஆனால் அது இடையிடையே சறுக்கினாலும் அடிக்கடி சிறகடிக்கும் பறவை, இந்தப் போட்டிக்கு உரியதல்ல.

ஃப்ரிகேட்டின் தூக்கமும் பறக்கும்போதுதான். கலாபகோஸ் தீவுகளில் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, வானில் இருந்தபோது நாளுக்குச் சராசரியாக 42 நிமிடமே தூங்கியது தெரிந்தது. அந்தத் தூக்கமும் பெரும்பாலும் மேலெழும் காற்றில் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான்.