இடியன் துவக்கோடு ஒன்பது மான் பருவங்கள்

2015 இலையுதிர்காலத்தில் என் முதல் இடியனை வாங்கினேன். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தையும் சன்னத்தையும் (குண்டையும்) போட்டு இடிக்கிற துவக்குக்கு இலங்கையின் வன்னியில் அந்தப் பெயர். இங்கே கனடாவின் ஒன்டாரியோவில் மசில்லோடர். இப்போது என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று மரப்பிடி போட்ட பழைய பாணி, சுத்தியல் பக்கவாட்டில் இருக்கும், 50 கலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். மற்றது 2018இல் வாங்கிய இன்லைன், மருந்தைக் குழலுக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் புதிய பாணி, சிவிஏ ஒப்டிமா வி2, அதுவும் 50 கலிபர். முதலில் பழையதை மட்டும், 2018இலிருந்து இரண்டையும் மாறி மாறி, ஒன்பது பருவம் காட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். வாங்க யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வெடி எவ்வளவு தூரம் போகும் என்பது. நான் அவர்களிடம் கேட்பது, இரவு எட்டு மணிக்குக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால் எத்தனை நிமிடத்தில் அதைக் கழுவி முடிப்பீர்கள் என்பது.

தென் ஒன்டாரியோ தட்டையான பூமி. சோளக்காடு, சோயாக்காடு, நடுவே கொஞ்சம் மரம், அதற்கப்பால் யாரோ ஒருவருடைய வீடு. ரைபிள் சன்னம் கிலோமீற்றர் கணக்கில் போகும் என்பதால், கார்த்திகையிலும் மார்கழியிலும் வரும் கட்டுப்படுத்தப்பட்ட மான் வேட்டையில் இங்கே பல பகுதிகளில் சாதாரண ரைபிளுக்கு இடமில்லை. சொட்கன், வில், இல்லாவிட்டால் இடியன். சொட்கனில் போடும் சிலக் என்ற ஒற்றைக் குண்டின் உதை என் தோளுக்கு ஒத்துவரவில்லை. அப்படித்தான் இதற்குள் வந்தேன்.

வாங்கும்போது பலர் பார்க்காத ஒரு விடயம், சன்னத்தைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் முறுக்கு வரி. என் பழைய பாணித் துவக்கில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எண்ணெய் பூசிய துணித்துண்டில் சுற்றிய ஈயக் குண்டு அதில் அழகாகப் போகும். இன்லைனில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பிளாஸ்டிக் உறைக்குள் வரும் நீளச் சன்னத்துக்கு அந்த வேகமான முறுக்குத்தான் வேண்டும். கடைக்காரர் இரண்டும் சுடலாம் என்று சொல்லுவார். சுடலாம்தான், ஆனால் 28 முறுக்கில் உருண்டைக் குண்டைப் போட்டுவிட்டுத் துவக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. எந்தச் சன்னத்தைச் சுடப்போகிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள், பிறகு குழலைத் தேடுங்கள்.

பின்மூடி, அதாவது பிரீச் பிளக், கையால் கழலுமா என்பது அடுத்தது. ஒப்டிமாவில் சாவி எதுவும் தேவையில்லை, விரலால் திருகினால் வந்துவிடும். குழல் இரண்டு பக்கமும் திறந்த குழாயாகிறது. ஒளி தெரிகிறது, அழுக்கும் தெரிகிறது. அதற்காகவே மேலதிகமாகக் காசு கொடுத்தேன். உரிமம் பற்றி ஒரு வரி: கப், பிரைமர் என்ற, அடித்தால் பொறி தரும் சின்ன மூடிகளில் வெடிக்கிறவற்றுக்கு துவக்கு உரிமம் தேவை, தீக்கல்லில் வெடிக்கும் நீளத் துவக்குகளைக் கனடாச் சட்டம் பழம்பொருளாகக் கொள்கிறது. வேட்டை அனுமதி எல்லாவற்றுக்கும் வேண்டும்.

என் பெரிய பிழை 2016இல் நடந்தது. ஒரு சனிக்கிழமை குறி சரிபார்க்கப் போய்ப் பதினைந்து வெடி வைத்தேன். வரும்போது இருட்டிவிட்டது. நாளைக்குக் கழுவலாம் என்று நினைத்தேன். ஞாயிறு விருந்தினர் வந்தார்கள். திங்கள் மாலை துணித்துண்டை உள்ளே விட்டு இழுத்தபோது செங்கல் நிறத்தில் வந்தது. எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நிறம் போனது, பள்ளம் போகவில்லை. அடிப்பக்கத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் இன்றைக்கும் குண்டை இடிக்கும்போது கம்பி ஒரு இடத்தில் சொரசொரத்துக் கைக்குத் தெரியும். முன்பு 60 மீற்றரில் உள்ளங்கைக்குள் விழுந்த குண்டுகள் அதற்குப் பிறகு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவின. இரண்டு நாள் போதுமாயிருந்தது.

இடியனில் போடும் கருமருந்தில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். எரிந்த பிறகு பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பொற்றாசிய உப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும். கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகளில் பலதும் இதே வேலையைச் செய்யும். பேர்குளோரேட் என்ற உப்பு கலந்தவை இன்னும் மோசம். உப்பு என்பதால்தான் விலையுயர்ந்த துப்புரவுத் திரவத்தைவிடச் சவர்க்காரத் தண்ணீர் நன்றாகக் கழுவுகிறது. பிளக்ஹோன் 209 என்ற மாற்று மருந்து மட்டும் வேறு வகை, அதற்குத் தண்ணீர் பயன்படாது, கரைப்பான் வேண்டும். அது துருவைக் கொண்டுவராது என்பதால் நீளமான வேட்டை நாட்களில் இன்லைனுக்கு அதைத்தான் பாவிக்கிறேன், விலை கூட என்றாலும்.

ஒரு விடயத்தில் யாரும் விளையாடக் கூடாது. சாதாரண ரவைகளில் இருக்கும் புகையில்லா மருந்தை இடியனில் போடவே கூடாது. குழல் கிழியும், கை போகும்.

நிரப்புகிற முறையில் நான் அப்பாவோடு இன்னும் முரண்படுகிறேன். வன்னியில் பன்றிக்கு வயல் காவல் இருந்த காலத்தில் அவர் தென்னந்தும்பை அடைத்து, கம்பியால் இடித்து, கம்பி துள்ளி மேலே எழும்பினால் சரி என்று பழகியவர். என் கராஜில் நின்று “இன்னும் இடி தம்பி, சத்தம் மாற வேணும்” என்பார். நான் துள்ள விடுவதில்லை. ஈயம் மெத்தென்றது, முகம் சப்பையாகும். கம்பியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: வெறும் குழலில் ஒன்று, மருந்தும் சன்னமும் வடிவாக அமர்ந்தால் ஒன்று. நிரப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது கோடு குழல் வாயோடு சமமாக நிற்க வேண்டும். சன்னம் மருந்தில் அமராமல் இடையில் நின்றால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். முதல் கோடு, துவக்கில் ஏற்கெனவே வெடி இருக்கிறதா என்று சொல்லும். காலையில் கையில் எடுத்தவுடன் கம்பியைப் போட்டுப் பார்ப்பது என் முதல் வேலை.

பழைய பாணித் துவக்குக்கு 70 கிரேன் கருமருந்தும் 490 அளவுக் குண்டும் (0.490 அங்குலம்). இன்லைனுக்கு 100 கிரேன், 250 கிரேன் செப்புச் சன்னம். கிரேன் ஒரு சின்ன நிறை அலகு, சன்னத்துக்கு அப்படியே; மருந்துக்குக் கிரேன் நிறையல்ல, கன அளவு. அளவுக்குழாயால்தான் அளக்க வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றக் கூடாது, உள்ளே ஒரு பொறி கனன்றுகொண்டிருந்தால் குடுவை முழுதும் கையில் வெடிக்கும். குழல் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவும் கூடாது.

2017இல் 40 மீற்றரில் ஒரு கிடாய் மான் பக்கவாட்டில் நின்றது. விசையை இழுத்தேன், கப் மட்டும் ‘டிக்’ என்றது. துவக்கை மானின் திசையிலேயே ஒரு நிமிடம் பிடித்திருந்தேன், பிந்தி வெடிக்கலாம் என்பதால். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்துபோனது. காரணம், முந்தின கிழமை துப்புரவு செய்தபோது விட்ட எண்ணெய், கப் பொருந்தும் முனையான நிப்பிளின் சின்னத் துவாரத்துக்குள் இறங்கி இறுகியிருந்தது. அன்றிலிருந்து மருந்து போடுவதற்கு முன், வெறும் துவக்கில் இரண்டு கப் வெடிப்பேன், வாயைப் பாதுகாப்பான பக்கம் தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இலைக்குக் கிட்டப் பிடித்து. இலை அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் அன்றைக்கு நான் புறப்படுவதில்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மைனஸ் 12இல் நாள் முழுக்க இருந்த இரும்பைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணாடித் தம்ளர்போல வியர்க்கும், உள்ளேயும்தான். அந்த ஈரத்தோடு மருந்து குழலில் இருந்தால் மறுநாள் காலை நம்ப முடியாது. கப்பைக் கழற்றினால் வெடி இல்லாத துவக்கு என்றுதான் ஒன்டாரியோ விதி எடுத்துக்கொள்கிறது; நான் அதோடு நிற்பதில்லை. இன்லைனில் பின்மூடியைக் கழற்றி மருந்தையும் சன்னத்தையும் பின்னால் தள்ளி எடுத்துவிடுவேன். பழைய துவக்கில் அது கஷ்டம், பாதுகாப்பான மண்மேட்டில் சுட்டுத்தான் வெறுமையாக்குகிறேன்.

சுட்டால் புகை. முதல் தடவை மானும் மரமும் எல்லாம் மறைந்து, எனக்கு எதுவுமே தெரியவில்லை. இப்போது வெடி வைத்தவுடன் குனிந்து, புகைக்குக் கீழால் பார்ப்பேன், மான் எந்தப் பக்கம் போகிறது என்று. பிறகு அசையாமல் அதே இடத்தில் இரண்டாவது வெடியை நிரப்புவேன். தேடப் போவது அதற்குப் பிறகுதான். பழைய துவக்கின் திறந்த குறியோடு 60 மீற்றருக்கு அப்பாலும், இன்லைனில் 100 மீற்றருக்கு அப்பாலும் நான் சுடுவதில்லை. காயப்பட்ட மானை இருட்டில் தேடும் நிலை வரக் கூடாது.

கழுவுகிற இரவு இப்படி. பழைய துவக்கில் குழலைப் பிடித்திருக்கும் சின்ன ஆப்பைத் தள்ளிக் குழலைத் தனியே எடுப்பேன். வாளியில் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சவர்க்காரம் நாலு துளி. கொதி தண்ணீர் வேண்டாம், காயும்போதே மெல்லிய துரு படியும். குழலின் அடியை வாளிக்குள் வைத்து, ஈரத் துணித்துண்டைக் கம்பியில் மாட்டி மேலும் கீழும் இழுத்தால், நிப்பிள் துவாரத்தால் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும், சைக்கிள் பம்ப் மாதிரி. முதல் இழுவையிலேயே வாளி கறுத்துவிடும், அவிந்த முட்டை மணம் கராஜ் முழுக்க. தண்ணீர் மூன்று தடவை மாற்ற வேண்டும். பிறகு நல்ல தண்ணீர், உலர்ந்த துணித்துண்டுகள், கடைசியாக வெள்ளையாக வருவது வரைக்கும். எனக்கு 25 நிமிடம். இன்லைனில் 10 நிமிடம். பின்மூடியைக் கோப்பைத் தண்ணீரில் ஊறவைத்து, தீ வரும் துவாரத்தை மெல்லிய துளையூசியைக் கையால் திருகித் துப்புரவு செய்து, புரிகளில் கிறீஸ் பூசிப் போட்டால் சரி. கிறீஸ் பூச மறந்தால் அடுத்த தடவை விரலால் கழலாது.

எண்ணெய் பூசி வைத்தாலும் அதோடு விடுவதில்லை. மறுநாள் மாலை ஒரு துணித்துண்டு, ஒரு கிழமை கழித்து இன்னொன்று, பிறகு மாசியில் ஒன்று. போன மாசியில் பழைய துவக்கிலிருந்து வந்த துணியில் இலேசான மஞ்சள் கோடு தெரிந்தது, அந்தப் பள்ளத்திலிருந்து. வாளியை எடுத்துத் தண்ணீர் வைத்தேன்.