வீங்கிய சிஸ்லாக்: அழிப்பதா, வெறுமையாக்குவதா?

பாம்பனில் விசைப்படகுகள் கரை திரும்பும் வேளையில், மீன் கமிஷன் கடையின் உபுண்டு கணினி வட்டு நிறைந்து பில் போட மறுத்தால், கணினி நிகழ்வுகளைப் பதிந்து பதிந்து பல ஜிபி வீங்கிய சிஸ்லாக் கோப்பை அழிக்கத்தான் கை போகும். ஆனால் அதில் பதிவுகளை எழுதும் ஆர்சிஸ்லாக் சேவை அதைத் திறந்து வைத்திருக்கும்வரை பெயர் மறையுமே தவிர இடம் திரும்பாது. சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். ட்ரங்கேட் கட்டளையால் அளவைச் சுழியமாக்கினாலோ, சேவை ஓடும்போதே இடம் விடுபடுகிறது. அவசரத்துக்கு இதுவே என் தேர்வு. (உபுண்டு தனியே வைக்கும் ஜர்னல் பதிவுகளுக்கு இரண்டும் வேண்டாம், பழைய பதிவுகளை நீக்கி அளவைக் குறைக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வேக்யூம்-சைஸ் தெரிவு போதும்.)

எதைச் செய்தாலும், முதலில் டெயில் கட்டளையால் கடைசி 50 வரிகளைப் பார்த்துவிடுங்கள்: உப்புக்காற்றில் களிம்பேறிய யூஎஸ்பி முனை ஓயாமல் துண்டித்து இணைவது போன்ற ஒரே செய்தி அடுக்கடுக்காக வந்திருந்தால், அம்முனையை மாற்றாதவரை கோப்பு மீண்டும் பெருகும்.