கிரேட் ஓஷன் ரோடு: ஒரே நாளில் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு

மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூன் மாதம் வருகிறார்கள், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்துக் கடலோரச் சாலையான கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடவே ஒரு திட்டமும் அனுப்பியிருந்தார். காலை ஏழு மணிக்குக் கிளம்புவது, வழியில் ஒன்பது இடங்கள், மதியம் இரண்டு மணிக்கு ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் என்கிற கடல் பாறைத் தூண்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. மெல்போர்னுக்குக் குடிவந்த நாளிலிருந்து, ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிக்கொண்டு போகிற சாலை இது. இன்றுவரை அலுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நண்பர்மேல் இல்லை. எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள் என்பதுதான் கோபம்.

எங்கே காபி நன்றாக இருக்கும், எங்கே மரத்தில் கோலா என்கிற விலங்கு தெரியும் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இரண்டு மணிக்குள் அப்போஸ்டல்ஸ் போய்ச் சேர வேண்டும் என்கிற அந்தக் கெடு அந்த நாள் முழுவதையும் தின்றுவிடுகிறது.

கைபேசி வரைபடத்தில் மெல்போர்னிலிருந்து ட்வெல்வ் அப்போஸ்டல்ஸ் என்று போட்டுப் பாருங்கள். அது உங்களைக் கடல் பக்கமே விடாது. ஜீலாங்கைத் தாண்டி, கோலாக் ஊர் வழியாக உள்நாட்டு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அதன் வேலையை அது சரியாகவே செய்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். கடலோரமாகத்தான் போவேன் என்றால் டார்க்கி, லோர்ன், அப்பல்லோ பே என்று ஊர் ஊராகப் போட வேண்டும். அப்போது நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது எங்கும் நிற்காமல் ஓட்டுகிறவரின் கணக்கு. நம் ஆட்கள் அதன்மேல் ஒவ்வோர் இடத்துக்கும் பத்து நிமிடம் கூட்டித் திட்டம் போட்டுவிடுகிறார்கள். எழுபது வயதுக்காரர்களோடு பத்து நிமிடத்தில் எந்த இடத்தைப் பார்க்க முடியும்? இறங்கி, ஸ்வெட்டரைப் போட்டு, கழிப்பறை எங்கே என்று தேடி, இரண்டு படம் எடுத்து, மறுபடி ஏறி உட்கார அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே, அதற்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தோம்.

இந்தச் சாலை டார்க்கியில் தொடங்கி ஆலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 240 கிலோமீட்டர். அத்தனையும் கடலை ஒட்டிப் போவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிள்சீயைத் தாண்டினால் கடல் நெருங்கி வரும். லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை உள்ள நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான் சாலையின் உயிர். ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் நேராகக் கீழே அலை, நடுவில் நெளிந்து நெளிந்து போகும் இரண்டே தடம். அப்பல்லோ பேயைத் தாண்டியதும் சாலை கடலை விட்டுவிட்டு ஓட்வே காட்டுக்குள் ஏறிவிடும். வானுயர்ந்த மரங்களும் ஆள் உயரப் பெரணிகளும் உள்ள அருமையான காடு. ஆனால் அங்கும் வளைவுக்குக் குறைவில்லை. பிரின்ஸ்டவுன் பக்கம் வரும்வரை கடல் பெரும்பாலும் கண்ணில் படாது. கொடைக்கானல் ஏறும்போதே தலைசுற்றும் என்று சொல்லும் அம்மாவை, மதியம் சாப்பிட்ட கையோடு அந்தக் காட்டு வளைவுகளில் அழைத்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தச் சாலை எனக்குத் தரும் பெரிய சந்தோஷம் இடது பக்கம். ஆஸ்திரேலியாவில் இடதுபுறம்தான் ஓட்ட வேண்டும். மெல்போர்னிலிருந்து போகும்போது கடலும் இடதுபுறம். நம் தடம் கடலை ஒட்டிய தடமாக இருக்கும், எதிரே வரும் வண்டிகள் மலைப் பக்கம் போகும். முன்னால் இடதுபக்கம் உட்காருபவருக்கும் அவருக்குப் பின்னால் உட்காருபவருக்கும் ஜன்னல் நிறையக் கடல். தலைசுற்றும் அம்மாவை முன்னால் உட்கார வையுங்கள், அப்பாவை அவருக்கு நேர் பின்னால். மவுண்ட் டிஃபையன்ஸ், கேப் பேட்டன் மாதிரியான காட்சிமுனைகளும் இதே பக்கம் இருப்பதால், சமிக்ஞை போட்டு இடதுபுறம் ஒதுங்கினால் போதும். திரும்பி வரும்போது அதே இடத்தில் நிறுத்த வேண்டுமென்றால், வளைவுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று தெரியாமல் எதிர்த் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். பெரியவர்களை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்வதில்லை.

கூட்டத்தைத் தவிர்க்க, உள்நாட்டு வழியில் முதலில் அப்போஸ்டல்ஸ் போய்விட்டுக் கடலோரமாகத் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். காலையில் அங்கே கூட்டம் குறைவு என்பது உண்மை. ஆனால் லோர்ன் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. காலை வெயில் கடலிலிருந்து நேராகப் பாறைமேல் விழும். ஜூன் இங்கே குளிர்காலம். குளிர்காலப் பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், நீலமாக இருந்த தண்ணீர் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நேரத்தில் கடலை ஒட்டாத மலைப் பக்கத்துத் தடத்தில் வந்துகொண்டிருப்போம்.

அப்புறம், ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே நிற்கும் மரத் தோரணவாயில். எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுப்பார்கள். பக்கத்தில் மண்வெட்டி பிடித்த இரண்டு பேரின் சிலை இருக்கிறது, அங்கே நிற்பவர்கள் குறைவு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு இந்தச் சாலையை வெட்டினார்கள். போரில் செத்துப்போன தங்கள் தோழர்களுக்கான நினைவுச் சின்னமாகவே வெட்டினார்கள். இதற்காகப் பணம் திரட்டி முன்னின்று நடத்திய ஜீலாங் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக், 1932 நவம்பரில் சாலை திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துபோனார். போட்ட செலவை ஈடுகட்ட வாங்கிய சுங்கம் 1936இல்தான் நின்றது. எந்தப் பாறையையும் காட்டுவதற்காக இந்தச் சாலையைப் போடவில்லை, சாலையேதான் நினைவுச் சின்னம். அதனால்தான், அதன்மேல் நேரம் போகிறதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பறப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பறப்பவர்கள் நம் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வருவார்கள். மெதுவாகப் போகும் வண்டிகள் ஒதுங்குவதற்கென்று ஆங்காங்கே இடம் விட்டிருக்கிறார்கள். அதில் ஒதுங்கி அவர்களை அனுப்பிவிடுங்கள். அவர்களைவிட ஆபத்தானவர்கள், கடலைப் பார்த்ததும் ஓடுகிற தடத்திலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்கள். கென்னட் ரிவரில் மரத்தில் கோலா தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், நடுச்சாலையில் கூட்டம் நிற்கும்.

சரி, அப்போஸ்டல்ஸ் பக்கமும் நியாயமாகப் பேச வேண்டும். கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் அந்தச் சுண்ணாம்புப் பாறைத் தூண்களைப் போல நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்தது, அதற்குப் பிறகு எட்டுத்தான். கடல் இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்வை மேடைக்குப் போகும் பாதை சமமாக இருக்கும், அப்பாவின் முழங்காலுக்குக் கஷ்டமில்லை. கிப்சன் ஸ்டெப்ஸ்தான் 86 படி, அதை விட்டுவிடலாம். கொஞ்சம் தள்ளி லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு. 1878இல் இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் அதன் அருகே மோதி உடைந்ததில், 54 பேரில் இரண்டே பேர் பிழைத்தார்கள். இருபுறமும் மதில் மாதிரி பாறை, நடுவில் ஒரு துண்டு மணல். அங்கே நின்றால் அலையின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. மாலையில் அந்தப் பாறைகள் மஞ்சளாக மாறுவதைப் பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், சுற்றுலாப் பேருந்துகள் வந்து நிற்கிற பிற்பகலில் இறங்கி, இருபது நிமிடத்தில் ஏறுங்கள் ஏறுங்கள் என்று பெரியவர்களை விரட்டுவதா?

ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்குக் கொஞ்சம் மேலே சூரியன் மறைந்துவிடும். அப்போஸ்டல்ஸிலிருந்து நாலு மணிக்குக் கிளம்பினாலும், பாதி வழி இருட்டில்தான். பொழுது சாயும் நேரத்தில்தான் கங்காருக்கள் சாலைக்கு வரும். காலை ஏழு மணியிலிருந்து ஓட்டிக் களைத்தவர் அந்த இருட்டில் அவற்றுக்கும் கண் வைக்க வேண்டும். டிசம்பரில் என்றால் எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், அப்போது கதை வேறு.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அப்பல்லோ பேயோடு திரும்புங்கள். ஏரீஸ் இன்லெட்டில் கலங்கரை விளக்கம், லோர்னில் டெடிஸ் காட்சிமுனை, அப்புறம் உங்களுக்குத் தோன்றுகிற இரண்டு இடங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனால் அப்பல்லோ பே கடற்கரைப் புல்தரையில் சாவகாசமாகச் சாப்பிடலாம். காற்று பலமாக அடிக்கும், கம்பளி வேண்டும். லோர்னைத் தாண்டினால் கைபேசியில் அலைவரிசை விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். மூன்று மணிக்குள் திரும்பிவிட்டால், கடினமான வளைவுகளை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.

அப்போஸ்டல்ஸையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதன் பக்கத்து ஊரான போர்ட் கேம்பெல்லில் ஓர் இரவு தங்குங்கள். தங்க முடியாது, ஆனால் அப்பா காலண்டரில் பார்த்த பாறையைத்தான் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால், இவ்வளவு சொன்ன நானே சொல்கிறேன்: அந்த வரைபடம் சொல்கிறபடி கோலாக் வழியாகவே நேராகப் போங்கள், அதே வழியில் திரும்புங்கள். கடலோரச் சாலையை அன்றைக்குத் தொடவே வேண்டாம். சாலைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து. அப்போஸ்டல்ஸுக்கும் அதேதான். இரண்டையும் சேர்த்து ஜூன் மாதத்தில் ஒரே நாளில் முடிப்பதற்கு ஒன்றுகூடத் தர மாட்டேன். அப்பல்லோ பே வரை போதும் என்று வீட்டில் சம்மதித்தால் சனிக்கிழமையாகப் பார்த்துச் சொல்லுங்கள், நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.