கிரீன் பாத் நடைபாதையில் மூன்று லினோ அச்சுகள்

கொழும்பு 7இல் விகாரமகாதேவி பூங்காவை ஒட்டிச் செல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையை இன்றும் பலர் பழைய வழக்கப்படி கிரீன் பாத் என்றே சொல்கிறார்கள். அதன் நடைபாதையோரம், பெருமரங்களின் நிழலில், ஓவியர்கள் தங்கள் படங்களைத் தொங்கவிட்டும் மரத்தடியில் சாய்த்து வைத்தும் விற்பது நெடுங்காலமாக நடந்துவருகிறது. சனி, ஞாயிறுகளில் கூட்டம் கூடுதலாக இருக்கும். வெள்ளவத்தையில் குடியிருக்கும் நான் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நடந்திருந்தும், கடந்த ஆகஸ்ட் வரையில் அங்கே வாங்கியது ஒரே ஒரு படம். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் கேட்டதற்காக. ஆகஸ்டுக்குப் பிறகு ஒரே ஓவியரிடம் நான்கு தடவை போய் மூன்று அச்சுப்படங்கள் வாங்கியிருக்கிறேன். இந்த மதிப்புரை அவருடைய கடையைப் பற்றியது. விலைகளையும் குறைகளையும் ஒளிக்காமல் எழுதப்போவதால் அவருடைய பெயரைத் தவிர்த்துக்கொள்கிறேன். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடுவதைப் போலத் தாள்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பவர் அவர். தூரத்திலிருந்தே தெரியும்.

அவரிடம் மூன்று வகைப் பொருட்கள் உண்டு: கன்வஸில் அக்ரிலிக்கால் தீட்டிய ஓவியங்கள், அந்த ஓவியங்களைப் படம்பிடித்து இயந்திரத்தில் எடுத்த பிரதிகள், கையால் செதுக்கிக் கையாலேயே ஒற்றியெடுத்த லினோ அச்சுகள். முதல் வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரஹெர ஊர்வல யானை, கோலில் அமர்ந்து மீன்பிடிப்போர், தாமரைக் குளம், மழையில் நனையும் முச்சக்கர வண்டி என அந்தத் தெருவில் எல்லோரும் தீட்டுவதையே அவரும் தீட்டுகிறார். வண்ணக் கத்தியால் சாயத்தைத் தடிப்பாக அப்புவதில் கைத்தேர்ச்சி தெரிகிறது, ஆனால் பக்கத்துக் கடைப் படத்தையும் அவர் படத்தையும் இடம் மாற்றி வைத்தால் நான் கண்டுபிடிக்கமாட்டேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டார் போலும். “யானைதான் சேர் வீட்டு வாடகை கட்டுது” என்றார்.

நான் எழுத வந்தது அந்தக் கயிற்றில் தொங்கும் தாள்களைப் பற்றி.

அவர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் கிரீன் பாத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும்: பச்சைச் சரிவு, முதுகில் கூடை, நெற்றியில் பொட்டு, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. இவருடைய லினோ அச்சுகளில் அந்தச் சரிவே கிடையாது. நான் முதலில் வாங்கிய அச்சில் இருப்பது கொழுந்து நிறுக்கும் இடம். நடுவில் தராசின் கொக்கியில் ஒரு கூடை தொங்குகிறது. அதைச் சுற்றி நான்கு பெண்கள், இடுப்பில் படங்குத் துணி கட்டியபடி, நால்வரும் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கணக்குப்பிள்ளையின் முகம் படத்தில் இல்லை. வலது ஓரத்தில் அவருடைய கையும், விரல்களுக்கிடையில் ஒரு பென்சிலும் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கின்றன. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோவைக் கழிப்பார்கள் என்பது அந்த ஒரு நொடியில்தான் தீரும் என்பதால், தோட்டத்துப் பெண்களுக்கு நாளின் கனமான நேரம் அதுதான் என்று அவர் சொன்னார். சொல்லியிருக்க வேண்டியதில்லை, நான்கு கழுத்துகளும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் விதத்திலேயே அது இருக்கிறது. மலையகத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் வரைந்த நூறு படங்களைக் கண்டு சலித்த எனக்கு, உள்ளே நின்று பார்த்த ஒருவருடைய கோடு எப்படியிருக்கும் என்பது இந்தத் தாளில்தான் தெரிந்தது.

இந்த அச்சு எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் விலையின் நியாயம் அதில்தான் இருக்கிறது. தரைக்கு ஒட்டும் லினோலியத் தகட்டைச் சிறு உளிகளால் செதுக்கி, எஞ்சியிருக்கும் மேட்டுப்பகுதியில் உருளையால் மையைத் தடவி, அதன்மேல் தாளை வைத்து, பின்புறத்தை மரக் கரண்டியொன்றால் அழுத்தித் தேய்த்து எடுப்பது அடிப்படை முறை. ஒரே நிறமென்றால் வேலை அத்துடன் முடிந்துவிடும். இவர் மூன்று நிறங்களில் எடுக்கிறார், அதுவும் ஒரே தகட்டிலிருந்து. முதலில் மிக வெளிறிய நிறத்தை எல்லாத் தாள்களிலும் ஒற்றிவிடுகிறார். பிறகு அந்த நிறமாகவே நிற்கவேண்டிய இடங்களைத் தகட்டிலிருந்து செதுக்கி நீக்கிவிட்டு, இரண்டாம் நிறத்தை அதே தாள்களின்மேல் ஒற்றுகிறார். மீண்டும் செதுக்கி மூன்றாம் நிறம். கடைசி நிறம் விழும்போது தகட்டில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். ஆகவே எத்தனை பிரதி வேண்டும் என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிட வேண்டும். பின்னால் நினைத்தாலும் இன்னொன்று எடுக்கமுடியாது. முப்பது நல்ல தாள்கள் தேறவேண்டும் என்று முப்பத்தாறில் தொடங்குகிறார். எண்ணெய் மை என்பதால் ஒவ்வொரு நிறமும் உலர, கொழும்பின் ஈரக்காற்றில், ஒரு வாரமாவது ஆகிறது. என் தாளின் அடியில் பென்சிலால் 18/30 என்று எழுதியிருப்பதன் பொருள், உலகில் இது முப்பதுதான் உண்டு என்பது. அதற்குச் சாட்சி ஓவியரின் வாக்கு மட்டுமல்ல, செதுக்கித் தீர்ந்துபோன அந்தத் தகடும்தான். கேட்டால் எடுத்துக் காட்டுகிறார். அதில் மிஞ்சியிருப்பவை சில கண்ணிமைகளும் கூடையின் பின்னலும் மட்டுமே.

இயந்திரப் பிரதிகளுக்கு அவர் எண் போடுவதில்லை. இது நான் அந்தத் தெருவில் எதிர்பார்க்காத நேர்மை. ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று சொல்லி இயந்திரப் பிரதியின் கீழே எண்ணெழுதி, தங்க நிறச் சான்றிதழொன்றையும் இணைத்து விற்பதை நம் ஊரிலும் வெளியிலும் பார்த்திருக்கிறேன். கோப்பு கணினியில் இருக்கும்வரை அந்த எண்ணை நம்புவது வாங்குபவருடைய நல்லெண்ணத்தைப் பொறுத்தது. இவரிடம் ஏன் எண் இல்லை என்று கேட்டேன். “எண் போட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிரும் சேர், நாளைக்கே இன்னும் அம்பது அடிக்கலாமே” என்றார். பிரதிகள் மோசமானவை என்று சொல்லமாட்டேன். தடித்த பருத்தித் தாளில், நிறமி மையில் எடுக்கப்பட்டவை. சாதாரணச் சாய மையில் அச்சிட்டவை வெயில்படும் சுவரில் சில ஆண்டுகளில் வெளிறிவிடும், நிறமி மை அதைவிடப் பலமடங்கு நிலைக்கும். பரிசளிக்க, பிள்ளைகளின் அறையில் மாட்ட, அவை போதும்.

இங்கே வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இயந்திரப் பிரதியின் தாள் தடிப்பாகவும் மதிப்பாகவும் இருக்கும். கையச்சின் தாள் மெல்லியதாக, நார் தெரிவதாக, கையில் எடுத்தால் சலசலப்பதாக இருக்கும். கரண்டியால் தேய்த்து மையை இழுக்கவேண்டுமென்றால் மெல்லிய தாள்தான் ஏற்றது. இதை அறியாத பலர் மெல்லியதை மலிவானதென்று எண்ணி, தடித்ததற்கு அதிக விலை கேட்பார் என்று நினைக்கிறார்கள். என் கண்முன்னே ஒரு தம்பதியினர் அப்படித்தான் குழம்பினார்கள். தாளைத் திருப்பிப் பாருங்கள்: பின்புறத்தில் கரண்டி ஓடிய இடங்களில் மெல்லிய மினுக்கம் இருக்கும். முன்புறத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் மை தாளின்மேல் ஒரு படலமாக நிற்பது தெரியும். புதிதாக எடுத்த தாளென்றால் ஆளிவிதை எண்ணெயின் மணமும் அடிக்கும்.

தெருவின் பெயருக்கும் இந்தத் தொழிலுக்கும் ஒரு பொருத்தம் இருப்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1877இல் இதே கொழும்பில் பிறந்தவர். தேசிய நூதனசாலை திறக்கப்பட்டதும் அதே ஆண்டில், இங்கிருந்து நடைதூரத்தில். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம்முடைய பெருநூலை அவர் 1908இல் இங்கிலாந்தில், கைவினையைப் போற்றிய ஆங்கிலக் கலைஞர் வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரத்திலேயே, தம் மேற்பார்வையில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டார். கைவினைஞனின் கையை இயந்திரம் விழுங்குவதைப் பற்றி ஓயாமல் எழுதிய ஒருவருடைய பெயர் தாங்கிய தெருவில், மரக் கரண்டியால் முப்பது பிரதி தேய்த்தெடுக்கும் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்கொரு நாள் இதே தெருவை அடைத்து நடக்கும் கலா பொல ஓவியச் சந்தையில், 1993இலிருந்து அது தொடங்கி நடந்துவரும் இத்தனை காலத்தில், எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். அந்த ஒரு நாள் நெரிசலில் இத்தகைய தாளைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடைக்காது. சாதாரணமான ஒரு சனிக்கிழமைக் காலையில் போவதே நல்லது.

காலையில் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் மழை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பிற்பகலானால் வானம் கறுத்துவிடும். என் இரண்டாவது வருகையின்போது மூன்று மணியளவில் முதல் துளி விழுந்ததும் அந்த வரிசை முழுவதும் ஒரே கையாக இயங்கியது: நீலப் பொலித்தீன் விரிந்தது, யானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மரத்தடியில் படுத்தன. இவர் கன்வஸ்களை விட்டுவிட்டுக் கயிற்றுக்குத்தான் முதலில் ஓடினார். அப்படியும் ஓரத்தில் தொங்கிய இரண்டு தாள்களில் நீர் விழுந்துவிட்டது. எண்ணெய் மை கரையவில்லை, ஆனால் தாள் அலையலையாகச் சுருண்டுவிட்டது. அவற்றை அடுத்த வாரம் தட்டையாக்கி, பின்புறத்தில் ‘மழை’ என்று எழுதி, பாதி விலைக்கு வைத்திருந்தார். நிறம் ஒரு மில்லிமீற்றர் நகர்ந்து விழுந்த தாள்களுக்கும் இதே ஏற்பாடுதான். அவற்றில் எண் இராது, ‘பிழை’ என்று இருக்கும். நான் வாங்கிய மூன்றில் ஒன்று அத்தகையது. லயத்து வாசலில் ஒரு கிழவி அரிசி புடைக்கும் படம். பழுப்பு நிறம் விலகி விழுந்ததில் சுளகு அசைவதுபோலத் தோன்றுகிறது. சரியாக விழுந்த தாளைவிட இதுவே எனக்குப் பிடித்தது என்று சொன்னபோது அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். அவரிடம் படச்சட்டம் போட்டு வாங்காதீர்கள். அவர் விற்கும் சட்டத்தில் கண்ணாடி நேராகத் தாளின்மேல் அமர்ந்திருக்கிறது; இடையில் அட்டை விளிம்பு இல்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே நீர் வேர்த்து, மை கண்ணாடியில் ஒட்டி, ஓராண்டுக்குள் பூஞ்சணப் புள்ளிகள் விழும். முதல் அச்சை அப்படியே சட்டத்துடன் வாங்கிய நான், இரண்டு மாதத்தில் மூலையில் ஒரு மஞ்சள் நிழலைக் கண்டு கழற்றினேன். பின்பலகைக்கு அவர் வைத்திருந்தது சாதாரணப் பழுப்பு அட்டை. வேறொரு கடையில் அமிலமற்ற அட்டை விளிம்பு வைத்து மறுபடி சட்டமிட 6,500 ரூபாய் ஆனது, அதாவது அச்சின் விலையில் பெரும்பங்கு. இதை அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. ஆனால் கடைசி வருகையிலும் அதே சட்டங்கள்தான் அடுக்கியிருந்தன.

பொதி கட்டுவதிலும் கவனம் போதாது. தாளைச் சுருட்டி, நாளிதழில் சுற்றி, றப்பர் வளையம் போட்டுக் கொடுக்கிறார்; வளையம் இறுகிய இடத்தில் தாளில் தடம் விழுகிறது. வீட்டிலிருந்து ஒரு தட்டையான கோப்புறையோ பிவிசி குழாயோ கொண்டுபோவது உத்தமம். வங்கி அட்டையால் பணம் செலுத்தும் இயந்திரம் இல்லை. காசு கொடுக்கலாம், அல்லது வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். ஞாயிறுகளில் சிலவேளை வருவதில்லை, அறிவிப்பும் இல்லை. என் மூன்றாவது பயணம் அப்படி வெறுங்கையுடன் முடிந்தது.

விலைகள், நான் போன காலத்தில், இவ்வாறு இருந்தன. உள்ளங்கை அகல ஒற்றை நிற லினோ அச்சு 3,000 ரூபாய். A3 அளவிலான மூவண்ண அச்சு 9,000. A3 இயந்திரப் பிரதி 3,500. கன்வஸ்கள் 25,000இலிருந்து 80,000 வரை. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்த பிறகு இறக்குமதியாகும் மையும் தாளும் ஏறிய விலை இறங்கவேயில்லை என்கிறார். தகட்டையும் தாளையும் மையையும் ஆறு வாரக் கைவேலையையும் எண்ணிப் பார்த்தால் 9,000 குறைவான விலையென்றே தோன்றுகிறது. அந்த வரிசையில் பேரம் பேசுவது வழக்கம்தான், உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லும் கன்வஸ் விலையில் அதற்கு இடமும் உண்டு. லினோ அச்சுகளுக்கு நான் பேசவில்லை. என் பின்னால் நின்றவர் 6,000க்குக் கேட்டார். இவர் பதில் சொல்லாமல் தாளைக் கயிற்றிலேயே திரும்ப மாட்டிவிட்டார்.

கடைசியாகப் போனபோது கயிற்றில் ஒரு புதிய வரிசை தொங்கியது: முப்பத்தாறு தாள்களிலும் வெளிறிய சாம்பல் நிறம் மட்டும், அதில் இன்னும் உருவம் பிடிபடாத வெள்ளைத் திட்டுகள். பிரட்டுக் களம் என்றார், விடியலில் தோட்டத்து வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம். வெள்ளைத் திட்டுகள் பெண்கள் தலையில் போட்டிருக்கும் துணிகளாக வரப்போகின்றனவாம். இன்னும் இரண்டு நிறங்கள் விழவேண்டும், தைக்குள் முடித்துவிடுவேன் என்றார். எனக்கொன்று ஒதுக்கிவைக்கச் சொல்லி இரண்டாயிரம் ரூபாய் முற்பணம் கொடுத்திருக்கிறேன். பற்றுச்சீட்டு அவர் தரவில்லை, நானும் கேட்கவில்லை.